இரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றானால் நமக்கு என்ன?

டி.வி. கம்பெனிகள் இணைப்பு பற்றி ஒரு விளக்கம்



கடைக்கு வருகிறவர்கள் சரக்கோடு நாட்டு நடப்பையும் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் போவார்கள். ரிலையன்ஸ் நிறுவனமும் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனமும் தங்கள் டி.வி. தொழிலை ஒன்றாக்கிக் கொண்ட நாள் முதலாக, வாசுதேவநல்லூர் கடைவீதியிலும் அந்தப் பேச்சு அவ்வப்போது எழுகிறது. "அண்ணாச்சி, விஜய் டி.வி.யை வித்துட்டாங்களாமே, கேபிளுக்கு இனி எவ்வளவு கேப்பாங்க?" என்கிறார் ஒருவர். "கிரிக்கெட்டை இனிமே காசு கொடுத்துத்தான் பார்க்கணும்" என்கிறார் இளைஞர் ஒருவர். "பெரிய முதலாளிகள் சமாச்சாரம், நமக்கு என்ன?" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவரும் உண்டு. மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழு உண்மை எதிலும் இல்லை. ஆகவே நாம் அறிந்த வரையில் விவரங்களை இங்கே எடுத்துரைக்கிறோம்.

நடந்தது என்ன?

2024 பிப்ரவரி 28 அன்று ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. இந்தியப் போட்டி ஆணையம் ஆகஸ்ட் 28 அன்று ஒப்புதல் கொடுத்தது. நவம்பர் 14 அன்று இணைப்பு நிறைவேறியது. கூட்டு நிறுவனத்தின் மதிப்பு 70,352 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். ரிலையன்ஸ் 11,500 கோடி ரூபாய் முதலீடு செய்தது. பங்குகளில் ரிலையன்சுக்கு நேரடியாக 16.34 சதவீதம், அதன் கட்டுப்பாட்டில் உள்ள வயாகாம்18 நிறுவனத்துக்கு 46.82 சதவீதம், டிஸ்னிக்கு 36.84 சதவீதம். ஆகவே சாவிக்கொத்து ரிலையன்ஸ் கையில் இருக்கிறது. புதிய நிறுவனத்தின் பெயர் ஜியோஸ்டார். ஸ்டார் குழுமத்தின் விஜய் டி.வி.யும், வயாகாம் குழுமத்தின் கலர்ஸ் தமிழும் இதனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆயின. சன் டி.வி. இதில் சேரவில்லை. அது தனி நிறுவனம்.

நமக்குப் பழக்கமான கதைதான்

இணைப்பு என்பது நம் தொழிலுக்குப் புதிது அல்ல. 1993-இல் டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. அதுவரை ஒன்றோடொன்று போட்டி போட்ட ஹமாமும் லைபாயும் ஒரே கம்பெனி பில்லில் வர ஆரம்பித்தன. தொழிலாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1994-இல் உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லும் என்றது. அதே 1993-இல் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகிய பானங்களைக் கோகோ கோலா வாங்கியது. தம்ஸ் அப் இன்றும் நமது கடைகளில் இருக்கிறது. கோல்ட் ஸ்பாட் மறைந்தே போயிற்று. வாங்கியவருக்கு எது வேண்டுமோ அது நிலைக்கும், வேண்டாதது மறையும்.

அந்நாளில் இத்தகைய இணைப்புகளுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதியை 1991-லேயே எடுத்துவிட்டிருந்தார்கள். பின்னர் 2002-இல் போட்டிச் சட்டம் வந்தது. 2011 ஜூன் முதல் பெரிய இணைப்புகள் ஆணையத்தின் பரிசீலனைக்குப் பிறகே நடக்க முடியும். அந்த வகையில் இன்று நிலைமை மேல்.

ஏலக்களத்தில் புரியும்

கிரிக்கெட் விஷயத்தைப் பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சை மண்டியைக் கொண்டு விளக்கலாம். ஏலத்தில் இரண்டு பெரிய வியாபாரிகள் போட்டி போட்டால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும். அந்த இருவரும் கூட்டுச் சேர்ந்து ஒரே ஆளாக நின்றால் கொள்முதல் விலை இறங்கும். அதே கூட்டு வெளியூர் சந்தைக்குப் பழத்தைக் கொண்டுபோய் விற்கும்போது, வேறு சரக்கு வரத்து இல்லையென்றால், விற்பனை விலையை ஏற்றும். வாங்கும் இடத்திலும் பலம், விற்கும் இடத்திலும் பலம்.

2022-இல் ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமையை ஏலம் விட்டபோது டி.வி. உரிமையை 23,575 கோடிக்கு ஸ்டார் எடுத்தது. இந்தியாவுக்கான டிஜிட்டல் உரிமையை 20,500 கோடிக்கு வயாகாம்18 எடுத்தது. இரண்டுமே 2023 முதல் 2027 வரை உள்ள ஐந்து ஆண்டுகளுக்கு. எதிரெதிரே நின்ற அந்த இருவரும் இப்போது ஒருவர். விளம்பரம் கொடுப்பவர் டி.வி.க்குப் போனாலும் செல்போனுக்குப் போனாலும் ஒரே கல்லாவில்தான் பணம் கட்ட வேண்டும். ஆணையமும் இதைக் கவனித்தது. கிரிக்கெட் விளம்பர நேரத்தை டி.வி., டிஜிட்டல் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டாயமாக விற்பதில்லை என்று அந்த நிறுவனங்கள் உறுதி கொடுத்தன. ஏழு சேனல்களை விட்டுவிடவும் ஒப்புக்கொண்டன. அவற்றில் தமிழ்ச் சேனல் எதுவும் இல்லை.

இளைஞர்கள் முணுமுணுப்பதற்கும் காரணம் உண்டு. 2023, 2024 ஆண்டுகளில் ஜியோசினிமாவில் ஐ.பி.எல். இலவசமாக ஓடியது. 2025 பிப்ரவரி 14 அன்று இரு செயலிகளும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபின், அந்த ஆண்டுப் போட்டிக்குச் சந்தா என்றாயிற்று. செல்போனுக்கு மூன்று மாதம் 149 ரூபாய். குறிப்பிட்ட ரீசார்ஜ் செய்தவர்களுக்குச் சலுகையும் தந்தார்கள். முதலில் இலவசம், பழகியபின் விலை. 'ஒன்று வாங்கினால் ஒன்று' ஸ்கீம் முடிந்த மறுவாரம் நாமும் பார்ப்பதுதானே?

கேபிள் கட்டணம் ஏறுமா?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சேனல் நடத்துபவர் உற்பத்தியாளர். கேபிள் நிறுவனம் மொத்த வியாபாரி. வீட்டுக்கு இணைப்புத் தரும் தம்பி சில்லறை வியாபாரி. வடக்கே ஹாத்வே, டென் ஆகிய பெரிய கேபிள் நிறுவனங்களிலும் ரிலையன்சுக்குப் பெரும்பங்கு உண்டு. அதாவது ஆலையும் அவர்களுடையது, கிட்டங்கியும் அவர்களுடையது. தமிழ்நாட்டில் 2007-இல் அமைக்கப்பட்ட அரசு கேபிள் டி.வி. நிறுவனம் இருக்கிறது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு அது இணைப்பு தந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் கட்டணச் சேனல்களின் விலையைச் சேனல் கம்பெனிதான் வைக்கிறது. 2023 பிப்ரவரியில் புதிய விலைக்குக் கையெழுத்திடாத கேபிள் நிறுவனங்களுக்குச் சில பெரிய சேனல் கம்பெனிகள் சிக்னலையே நிறுத்தின. நடுவில் நின்ற உள்ளூர்த் தம்பிதான் வீட்டுக்கு வீடு பதில் சொன்னார்.

இந்த வலி நமக்கும் தெரியும். முன்பு நாமும் இரண்டு கம்பெனிகளுக்கு ஸ்டாக்கிஸ்டாக இருந்தோம். ஒருவர் ஸ்கீமைக் குறைத்தால் மற்றவரைக் காட்டிப் பேசலாம். அவை ஒன்றாகிய பிறகு அப்படிப் பேச ஆள் இல்லை. கமிஷன் குறைந்தது, ஓடாத சரக்கையும் சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். இரண்டு வருடம் பார்த்துவிட்டு ஏஜென்சியை விட்டுவிட்டோம். கேபிள் தம்பிகள் இன்று சொல்லும் குறையும் ஏறத்தாழ இதுதான்.

எனினும் ஒரு கை ஓசை எழாது என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜனங்கள் கேபிளையும் டிஷ்ஷையும் விட்டு யூடியூபுக்குப் போகிறார்கள். 2020-இல் 7 கோடிக்கு மேல் இருந்த டி.டி.எச். இணைப்புகள் இப்போது 6 கோடிக்கும் கீழே. அளவுக்கு மீறி விலை ஏற்றினால் வாடிக்கையாளர் நழுவுவார் என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. பெரிய இணைப்பெல்லாம் வெற்றி பெறும் என்பதும் இல்லை. 2000-இல் அறிவிக்கப்பட்ட ஏ.ஓ.எல். - டைம் வார்னர் இணைப்பை உலகமே வியந்து பார்த்தது. 2009-இல் இரண்டும் பிரிந்துவிட்டன.

நாம் செய்யக்கூடியவை

1. கேபிள் பில்லில் இணைப்புக் கட்டணம், கட்டணச் சேனல் விலை, 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். பார்க்காத சேனலை எடுத்துவிடும் உரிமை 2019 முதல் நமக்கு இருக்கிறது.

2. கேபிள் தம்பியிடம் கோபித்துப் பயனில்லை. விலை வைப்பவர் அவர் அல்லர்.

3. ஒரு நிறுவனம் தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் போட்டி ஆணையத்தில் தகவல் தரும் உரிமை தனி ஆளுக்கு மட்டுமல்ல, வணிகர் சங்கத்துக்கும் உண்டு. இந்த உரிமையை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. பில், கடிதம், விலைப்பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால்தான் சங்கம் பேச முடியும்.

4. எந்த வியாபாரியும் ஒரே கம்பெனியை நம்பி முழு முதலையும் போட வேண்டாம். சரக்குக்கும் அதுதான், விளம்பரத்துக்கும் அதுதான்.

"பெரிய முதலாளிகள் சமாச்சாரம்" என்று சொல்லிப் போனவருக்கு நமது பதில் இதுவே: அவர் வீட்டு மாத பில்லில் அந்தச் சமாச்சாரம் ஏற்கனவே ஒரு வரியாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டட்டும்.