குழந்தைகளோடு டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில்

டெல்லி சாணக்யபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977-இல் திறக்கப்பட்டது. பத்து ஏக்கருக்கு மேற்பட்ட இடத்தில் பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் வெட்டவெளியில் தண்டவாளத்தின் மேலேயே நிற்கின்றன. பலர் குட்டி ரயிலில் ஒரு சுற்று, எஞ்சின் முன்னால் நாலு படம் என்று திரும்பிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்பதில்லை. நான்கைந்து வண்டிகளின் முன்னால் நிதானமாக நின்றால், ரயில் எப்படி ஓடுகிறது என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் பிடிபட்டுவிடும்.

சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். அது பிள்ளைகளின் கண் உயரத்திலேயே இருக்கிறது. சக்கரத்தின் உட்பக்கம் ஒரு விளிம்பு தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கி நிற்பதைக் காட்டுங்கள். வண்டி தடம் விலகாமல் பார்த்துக்கொள்வது அதுதான். எஞ்சின் ஓட்டுநரிடம் ஸ்டீயரிங் கிடையாது. அடுத்து, நீராவி எஞ்சினின் பெரிய சக்கரங்களில் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் இரும்பு அடைத்திருப்பது ஏன் என்று கேளுங்கள். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் கனமான இரும்புத் தண்டு மாட்டியிருக்கும். பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வர, அந்தத் தண்டுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒரு பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் எஞ்சின் குதிக்கும் என்பதால் எதிர்ப்பக்கம் ஈடுகட்டியிருக்கிறார்கள். விடையைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளுக்கு வரும் பூரிப்புக்காகவே இங்கே கொஞ்ச நேரம் காத்திருக்கலாம்.

பிறகு தண்டவாளங்களின் இடைவெளியைக் காலடி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அகலப் பாதை 1676 மி.மீ., மீட்டர்கேஜ் 1000 மி.மீ. டார்ஜிலிங் மலை ரயிலுக்கு வெறும் 610 மி.மீ., அதாவது இரண்டடிதான். 1889-இல் செய்த டார்ஜிலிங் எஞ்சின் ஒன்று இங்கே இருக்கிறது. மலையில் வளைவுகள் நெருக்கமாக வரும்; பாதை குறுகலாக இருந்தால்தான் அவற்றில் வண்டி திரும்ப முடியும்.

நான் யாரைக் கூட்டிப்போனாலும் தவறாமல் நிறுத்துவது பாட்டியாலா மோனோ ரயில் முன்னால்தான். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய ரயில் இது. அப்படியானால் சாய்ந்து விழாதா? பக்கவாட்டில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் சாலையின் மேல் உருண்டு வண்டியைத் தாங்கிக்கொண்டது. பாரத்தின் பெரும்பங்கு தண்டவாளத்தில் இறங்கியது, கொஞ்சம்தான் சாலையில். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை இது ஓடியது. முதலில் கோவேறு கழுதைகள் இழுத்தன. நீராவி எஞ்சின்கள் பிறகு ஜெர்மனியிலிருந்து வந்தன. சில நாட்களில் எஞ்சினை மூட்டி ஓட்டிக் காட்டுவதும் உண்டு. நீங்கள் போகும் நாளில் ஓடுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நெருப்பில்லா எஞ்சினைக் காட்டலாம். சிந்த்ரி உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தது. பொறி பறந்தால் ஆபத்து என்கிற இடங்களில் நிலக்கரி எரிக்க முடியாது. அதனால் ஆலைக் கொதிகலனிலிருந்தே நீராவியை இதன் தொட்டியில் ஏற்றிவிடுவார்கள். ஃபிளாஸ்க்கில் பிடித்த வெந்நீர் மாதிரி, சூடு தணியும்வரை அது ஓடும். பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் காரட் எஞ்சினையும் தவறவிடாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு சக்கரத் தொகுதிகள், நடுவில் ஒரே கொதிகலன். சக்கரங்களை எண்ணச் சொன்னால் 24 வரும்.

வேல்ஸ் இளவரசரின் 1875-ஆம் ஆண்டு சலூன் பெட்டி, மைசூர் மகாராஜாவின் சலூன் பெட்டி போன்றவற்றில் பெரியவர்களுக்கே ஈடுபாடு அதிகம். ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

திங்கட்கிழமை விடுமுறை. அக்டோபர் முதல் மார்ச் வரை போவது நல்லது. மே, ஜூன் வெயிலில் இரும்பைத் தொட்டால் பிஞ்சுக் கை பொத்துவிடும். தரையில் தண்டவாளங்கள் ஓடுவதால் செருப்பைவிட ஷூ பாதுகாப்பு. விடுமுறை நாட்களில் குட்டி ரயிலுக்குக் கூட்டம் சேரும். உள்ளே நுழைந்ததும் அதற்கான டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எஞ்சின்களைப் பார்க்கக் கிளம்புங்கள்.