அஞ்ஞானம் எது?

கடந்த ஆண்டு பெரிய வெள்ளி வழிபாடு முடிந்து, சிலுவை முத்தி செய்தோர் கலைந்துகொண்டிருந்த வேளை. எங்கள் பங்கின் முதியவர் ஒருவர், நைந்துபோன பழைய செபப் புத்தகத்தைக் கையில் பிடித்தவராய்ச் சக்கிறீஸ்து வாசலில் நின்றார்.

"சாமி, முன்னெல்லாம் இன்றைக்கு அஞ்ஞானிகளுக்காக மன்றாடுவோம். இப்போது அந்தச் சொல்லையே காணோம். அவர்கள் அஞ்ஞானிகள் இல்லையென்றால், என் மகன் குறி கேட்கப் போனதற்கு மட்டும் ஏன் கோபித்துக்கொண்டீர்கள்?"

நியாயமான கேள்வி. அன்று களைப்பில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குத் தர வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

முதியவர் கண்டது உண்மையே. 1970-இல் வெளிவந்த திருப்பலி நூலில் அம்மன்றாட்டு, கிறிஸ்துவை விசுவசியாதோருக்கானதாக மாற்றி அமைக்கப்பட்டது. இலத்தீனில் 'பகானுஸ்' என்னும் சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்பதே முதற்பொருள். நம் முன்னோரோ அதனை 'அறிவிலி' ஆக்கிவிட்டனர். ஞானம் என்னும் சொல்லை இத்துணை போற்றும் தமிழ் மண்ணில், அடுத்த வீட்டாரை அப்பெயரால் அழைத்தது எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

பிற சமயத்தாரை மதிப்பது வேறு. குறி, பில்லி, சூனியம் ஆகியவற்றை விலக்குவது வேறு. இவ்வேறுபாடு புனித சின்னப்பரிடமே காணக் கிடக்கின்றது. ஏதென்சு நகரில் சிலைகள் மலிந்திருக்கக் கண்டு அவர் உள்ளம் கொதித்தார். ஆயினும் அரயோப்பாகு மன்றத்தில் எழுந்தபோது அம்மக்களை இகழவில்லை. அறியாத தெய்வமொன்றுக்கு அவர்கள் எழுப்பியிருந்த பீடத்தையே தம் உரைக்குத் தொடக்கமாகக் கொண்டார். அவர்களுடைய கவிஞரையே சான்றுக்கு அழைத்தார்.

எபேசு நகரில் நடந்ததோ வேறு. அங்கே மாந்திரீக நூல்கள் எல்லார் முன்னிலையிலும் எரிக்கப்பட்டன. அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக் காசு. நாளொன்றுக்கு ஒரு காசு கூலி என்று கொண்டால், ஓய்வின்றி உழைக்கும் ஒருவனுடைய 137 ஆண்டுக் கூலி அது! அவை யாருடைய நூல்கள்? அப்போஸ்தலர் பணி நூலின் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். விசுவாசத்தைத் தழுவியவர்களே தங்கள் செயல்களை அறிக்கையிட்டுத் தங்கள் வீடுகளிலிருந்து கொணர்ந்தவை அவை. ஞானஸ்நானம் பெற்ற பின்னும் பெட்டியடியில் ஒளித்து வைத்திருந்தோர் அவர்களுள் இருந்திருக்க வேண்டும். அதே அதிகாரத்தின் இறுதியில், இம்மனிதர்கள் கோவிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்லர், நம் தேவதையைப் பழித்தவர்களும் அல்லர் என்று அந்நகரின் எழுத்தர் கூட்டத்தார் முன் சாட்சி சொல்கிறார். தம் வீட்டு நூல்களை எரித்தவர்கள் அயலார் கோவிலில் கைவைக்கவில்லை.

பிற்காலத் திருச்சபை இந்த வழியில் எப்போதும் நேராக நடந்ததென்று சொல்ல மாட்டேன். 601-இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் இங்கிலாந்துக்கு அனுப்பிய மடலில், கோவில்களை இடிக்காமல் தீர்த்தம் தெளித்துப் பயன்படுத்தச் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் புனித போனிப்பாசியார் செர்மனியில் புனித மரமெனப் போற்றப்பட்ட ஓக் மரத்தை வெட்டி வீழ்த்தினார். 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்தின் அடையாளங்களேயன்றி மூடவழிபாடு அல்ல என்று வாதாடி, 1623-இல் உரோமையின் இசைவைப் பெற்றார். 1744-இல் மீண்டும் கெடுபிடி வந்தது. 28-10-1965 அன்றே, 2,221 வாக்குகள் ஆதரவாகவும் 88 எதிராகவும் விழ, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானது எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்னும் ஏடு பொதுச்சங்கத்தில் நிறைவேறிற்று. ஆனால் 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல் சோதிடம், கைரேகை, ஆவிகளை அழைத்தல், சூனியம் ஆகியவற்றை ஐயத்துக்கு இடமின்றி விலக்குகிறது. தாயத்து அணிவதையும் கண்டிக்கிறது. இந்து சமயத்தின் மீதுள்ள வெறுப்பினால் அன்று. வேண்டுகிறவன் கடவுளின் கையில் தன்னை விடுகிறான். மந்திரிக்கிறவன் கடவுளையே தன் கையில் கொள்ளப் பார்க்கிறான்.

இதில் நாம் தனித்தவரும் அல்லேம். மோசேயின் சட்டம் குறிகேட்பதைத் தடுத்தது. அச்சட்டத்தின்படி குறிகாரரை நாட்டைவிட்டு ஓட்டிய சவுல் அரசனே, பின்னர் வேடம் மாறி இரவில் ஏந்தோர் ஊர்க்காரியிடம் போனான். (இன்றும் இரவில் அடுத்த ஊர்ப் பேருந்து ஏறுவோர் நம்மிடையே உண்டு.) இசுலாமியர் சூனியத்தைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக எண்ணுகின்றனர். புத்த பிக்குகள் குறி சொல்லிப் பிழைப்பதைப் பிரம்மஜால சுத்தம் இழிந்த வித்தையென விலக்குகிறது. இந்து மரபில் சோதிடம் ஆறு வேதாங்கங்களுள் ஒன்று; அங்கே அது கற்கத்தக்க கலை. இவ்வேறுபாட்டை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் பிறன் கெடச் செய்யும் செய்வினையை நல்ல இந்துவும் வெறுக்கவே செய்கிறார்.

நம் கறையையும் சொல்லியாக வேண்டும். சூனியத்தை அஞ்சிய கிறிஸ்தவர்கள் சூனியக்காரிகளைத் தேடி எரித்தார்கள். 1610-இல் இசுப்பானியாவின் லொக்ரோஞோவில் 6 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவ்வழக்கின் மூன்று நீதிபதிகளுள் ஒருவரான அலோன்சோ தெ சலசார் என்னும் குரு, மறு ஆண்டு ஊர் ஊராகச் சென்று 1,800 பேருக்கு மேல் விசாரித்தார். சூனியத் தைலங்கள் எனக் காட்டப்பட்டவற்றைச் சோதிக்கச் செய்தார்; எல்லாம் போலி. ஒரு செயலுக்கும் சான்றில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். அவர் சொல்லை ஏற்று 1614-இல் புதிய விதிகள் பிறந்தன. செர்மனியில் இயேசு சபைக் குரு பிரீதிரிக் இசுபே 1631-இல் தம் பெயரை மறைத்து ஒரு நூல் வெளியிட்டு, சித்திரவதையால் பெறும் வாக்குமூலத்தின் பொய்ம்மையைக் காட்டினார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? முதியவரின் பேரனுக்கு வலிப்பு கண்டபோது, குறிகாரன், தெற்குப் பார்த்த வாசலுள்ள வீட்டிலிருந்து வினை வந்ததென்றான். அத்தெருவில் தெற்கு வாசல் ஒரு கைம்பெண்ணுடையது. மறு ஞாயிறு முதல் கோவிலில் அவளருகே ஒருவரும் உட்காரவில்லை. என் பங்கும் இதில் உண்டு. அதற்குச் சில வாரங்கட்கு முன்புதான் பசாசின் வல்லமையைப் பற்றி மூன்று ஞாயிறுகள் உரக்கப் பிரசங்கித்திருந்தேன். அஞ்சியவர்களுக்கு நானே எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

பேயோட்டும்படி குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடமும் வந்தார்கள். ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எக்குருவும் அதைச் செய்தலாகாது. நோயா என்று முதலில் ஆராய வேண்டும் என்பதே திருச்சபையின் ஒழுங்கு. தலைமேல் கைவைத்துச் செபித்து, அரசு மருத்துவமனைக்கு உடன் சென்றேன். மாத்திரையால் வலிப்பு அடங்கியது. கைம்பெண்ணின் பக்கத்து இடம் மட்டும் வெறுமையாகவே இருந்தது.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரம் முதியவர் மீண்டும் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய செப்புத் தகடு ஒன்றை மேசைமேல் வைத்தார். மகன் கடன் வாங்கி வாங்கியது. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்தப் பிள்ளை வீட்டுக்கு நானே போக வேண்டுமா, சாமி?" என்றார்.

"ஆம்" என்றேன். "பகலில், தெருவார் பார்க்கப் போங்கள்."

மறுநாள் போனாராம். அவள் திண்ணையில் பாய் விரித்தாளாம். வாயில் வார்த்தை வராமல் இவர் உட்கார்ந்திருக்க, பேரனுக்கு மாத்திரை நேரந்தவறாமல் கொடுக்கிறார்களா என்று அவள்தான் முதலில் கேட்டாளாம்.