வயிற்று வைரஸை அழிக்க மருந்து உண்டா?

குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால், அதை உடனே நிறுத்தும் ஊசியையோ மாத்திரையையோ பெற்றோர் கேட்பது இயல்பு. ரோட்டா வைரஸும் நோரோ வைரஸும் இந்நோயின் முக்கியக் காரணிகள். இவற்றை அழிப்பதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவுக்கு உரியவை. வைரஸுக்கு எதிராகப் பயன்படா.

மருந்து உருவாக்குவது ஏன் கடினம்?

வைரஸ் நம் குடல் செல்லுக்குள் புகுந்து, அச்செல்லின் இயக்கத்தைக் கொண்டே பெருகுகிறது. செல்லுக்குத் தீங்கின்றி வைரஸை மட்டும் தடுப்பது எளிதன்று. நோரோ வைரஸ் 1972-இல் கண்டறியப்பட்டது. ஆயினும் மனிதக் குடல் செல்களில் அதை வளர்க்கும் முறை 2016-இல்தான் வெளியானது. மேலும், அறிகுறி தோன்றும்போது வைரஸ் ஏற்கெனவே பெருகியிருக்கும். சில நாள்களில் நோய் தானே தணியும். ஆகவே மருந்து பலனளிக்கும் கால அளவு மிகக் குறுகியது.

உயிர் காப்பது எது?

ஆபத்து நீரிழப்பால் வருகிறது. அதை ஈடுசெய்வது ஓ.ஆர்.எஸ். கரைசல். அதிலுள்ள சர்க்கரையுடன் சேர்ந்தே உப்பு குடலில் உறிஞ்சப்படுகிறது. நீரும் உடன் செல்கிறது. வைரஸ் தொற்றின்போதும் இவ்வழி செயல்படும்.

மரக்காணம் உப்பளப் பகுதியில் உப்புக்குக் குறைவில்லை. எனினும் வெறும் உப்புநீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். இரத்தத்தில் உப்பு மிகுந்து வலிப்பு வரலாம். அரசு சுகாதார நிலையத்தில் தரப்படும் பொட்டலம் முழுவதையும் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையை மருத்துவர் கூறிய அளவில் 14 நாள்கள் கொடுங்கள்.

வெயிலில் உழைக்கும் உப்பளத் தொழிலாளர்கள் வியர்வையால் ஏற்கெனவே நீரிழந்திருப்பர். வயிற்றுப்போக்கு தொடங்கியதும் வேலையை விட்டு நிழலில் ஓய்வெடுத்து, கரைசலைப் பருக வேண்டும்.

தடுக்கும் வழி

ரோட்டா வைரஸுக்கு மருந்து இல்லாவிடினும் தடுப்பு மருந்து உண்டு. தில்லியில் பிறந்த குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட வைரஸ் வகையிலிருந்து இந்தியாவிலேயே ஒரு தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது; வேலூரிலும் அது பரிசோதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டா தடுப்பு மருந்து 6, 10, 14-ஆம் வாரங்களில் வாய்வழியாக இலவசமாக அளிக்கப்படுகிறது. நோரோ வைரஸுக்குத் தடுப்பு மருந்து இன்னும் இல்லை. சோப்பிட்டுக் கை கழுவுதலே முதன்மைக் காப்பு.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல், எதையும் குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராதீர்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வரும் வழியிலும், குழந்தை விழுங்க முடிந்தால், கரைசலைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.