விரல் விறைக்கும் நேரம்

வட இந்தியக் குளிரில் சைக்கிள் மிதிப்பவர்களையும் திறந்தவெளியில் உழைப்பவர்களையும் முதலில் கைவிடுவது கைதான். அதைக் காப்பாற்றக் கையுறை மட்டும் போதாது.

ஜனவரி மாதத் தில்லியில் சூரியன் எட்டிப் பார்ப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. நடைபாதையில் இறக்கப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சுற்றிப் பத்திரிகை போடுபவர்கள் குந்தியிருக்கிறார்கள். இணைப்புகளைச் செருகி, எண்ணி, அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்ட வேண்டும். தலையில் குரங்குக் குல்லாய், கழுத்தில் மஃப்ளர், உடம்பில் இரண்டு ஸ்வெட்டர். கை மட்டும் வெறுங்கை. கம்பளிக் கையுறை போட்ட விரலால் தாளைப் பிரிக்க முடியாது. சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டி மூன்றாம் மாடி பால்கனிக்கு எறியவும் முடியாது.

அதே நேரத்தில் கேன்களைத் தொங்கவிட்டபடி பால்காரர், பயணிக்காகக் காத்திருக்கும் ரிக்‌ஷாக்காரர், துடைப்பத்துடன் துப்புரவுத் தொழிலாளி என்று ஒரு பெரும் கூட்டமே கைகளை ஊதிக்கொண்டிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 100 வீடுகளில் ஏறக்குறைய 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. அவற்றில் பல உடற்பயிற்சிக்கானவை அல்ல, பிழைப்புக்கானவை.

தில்லியின் குளிர் காஷ்மீரின் பனியல்ல என்று அலட்சியப்படுத்துவதற்கில்லை. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே அது குளிர் அலை என்கிறது இந்திய வானிலைத் துறை. 1935 ஜனவரி 16 அன்று சஃப்தர்ஜங்கில் பதிவானது மைனஸ் 0.6 டிகிரி. 2019 டிசம்பர் 30 அன்று அங்கே பகலின் உச்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான். மூடுபனி விலகாத அப்படிப்பட்ட நாட்களில் இரவில் விறைத்த கையைப் பகலில் காயவைத்துக்கொள்ளவும் வழியில்லை.

உடம்பின் சிக்கனம்

குளிர் வந்ததும் உடம்பு கறாரான கணக்குப்பிள்ளையாகிவிடுகிறது. இதயம், மூளை, ஈரல் இவற்றின் சூட்டைக் காப்பதுதான் அதற்கு முக்கியம். அதனால் தோலுக்கும் விரல்களுக்கும் செல்லும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரலை அசைக்கும் தசைகள் விரலில் இல்லை. உள்ளங்கையிலும் முன்கையிலும் இருக்கின்றன. ஆகவே விரலால் சொந்தமாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது. ரத்தம் கொண்டுவந்து கொடுக்கும் சூடுதான் அதற்கு வரும்படி.

வரும்படி நின்றால் விளைவு வேகமாகத் தெரியும். விரல் தோலின் வெப்பநிலை சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது முடிச்சுப் போடுவது, சில்லறை எண்ணுவது போன்ற நுட்பமான வேலைகள் தடுமாறத் தொடங்குகின்றன. 8 டிகிரி வாக்கில் தொடு உணர்ச்சியே மரத்துவிடுகிறது. சைக்கிள்காரருக்கு இதன் பொருள், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாமல் போவது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனியில் இது வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து.

சைக்கிள் தன் பங்குக்குக் காற்றையும் உண்டாக்குகிறது. காற்றே இல்லாத 5 டிகிரிக் காலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், முகத்துக்கும் கைக்கும் அது 1 அல்லது 2 டிகிரி போல உறைக்கும். தொடைகள் மிதித்து மிதித்துச் சூடேற, கைகளோ அசையாமல் இரும்புக் கைப்பிடியைப் பற்றியபடி எதிர்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. குளிர்ந்த இரும்பு பிரேக் விரலின் சூட்டை உறிஞ்சுகிறது. பயத்தில் இறுக்கிப் பிடித்தால் ரத்த ஓட்டம் இன்னும் குறைகிறது.

லூதியானாவின் இரு சரக்குகள்

விந்தை என்னவென்றால், இந்த நோயும் மருந்தும் ஒரே ஊரிலிருந்து வருகின்றன. பஞ்சாபின் லூதியானா சைக்கிள் தயாரிப்புக்கும் கம்பளிப் பின்னலாடைக்கும் ஒருசேரத் தலைநகர். 1986ல் உலகின் மிகப் பெரிய சைக்கிள் நிறுவனம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற ஹீரோ சைக்கிள்ஸ் இவ்வூரைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் ஊர் ஊராகக் கடை விரிக்கும் திபெத்திய வியாபாரிகள் விற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பகுதியும் இங்கிருந்து வருவதுதான். ஆனால் கைப்பிடியோடு சேர்ந்த குளிர்க்காப்பு எதுவும் சாதாரண சைக்கிளுடன் வருவதில்லை.

எனவே தெரு தானே வழி கண்டுபிடித்திருக்கிறது. பின்னல் கையுறையில் காற்று புகுந்துவிடும் என்பதால் அதன் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்கிறார்கள். குறுகிய தூரத்துக்கு இது நல்ல உபாயம். நெடுந்தூரம் போனால் வியர்வை உள்ளேயே தங்கிக் கையை நனைத்துவிடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளை மட்டும் வெட்டிய கையுறை, தாள் எண்ணுபவர்களுக்கு உதவுகிறது. எல்லாவற்றிலும் சிறந்தது, ஸ்கூட்டர்களிலும் பேட்டரி ரிக்‌ஷாக்களிலும் காணப்படும் ரெக்சின் உறை. அது கையில் மாட்டுவதல்ல, ஹேண்டில்பாரில் கட்டுவது. காற்று வெளியே நின்றுவிடுகிறது; உள்ளே மெல்லிய கையுறையோடு இருக்கும் விரல்கள் பிரேக்கைத் தாராளமாகப் பிடிக்கின்றன; வேலை வந்ததும் கையை உருவிக்கொள்ளலாம். பழைய ரெக்சினும் தையல்காரரும் இருந்தால் போதும், சாதாரண சைக்கிளுக்கும் தைத்துவிடலாம்.

கையுறை வாங்கும்போது பலர் செய்யும் தவறு, இறுக்கமாக வாங்குவது. சூட்டைப் பிடித்துவைப்பது துணியல்ல, துணிக்குள் அடைபட்ட காற்று. இறுக்கமான கையுறை அந்தக் காற்றையும் வெளியேற்றுகிறது, ரத்த ஓட்டத்தையும் தடுக்கிறது. நனைந்தால் பருத்தி கைவிட்டுவிடும். கம்பளி ஓரளவு தாங்கும்.

தண்ணீர் என்னும் எதிரி

நனைவதுதான் மற்ற பலருக்குப் பெரிய பிரச்சினை. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. தில்லி காஜிபூர் மீன் சந்தையில் ஐஸ் பெட்டியிலிருந்து மீனை அள்ளுபவருக்கும், காய்கறி மண்டியில் முள்ளங்கி அலசுபவருக்கும் கம்பளிக் கையுறையால் பயனில்லை. தளர்வான ரப்பர் கையுறையும் உள்ளே ஒரு மெல்லிய கையுறையும், நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடியும் வேண்டும்.

கோதுமை வயலில் இரவு மின்சாரம் வரும்போது மோட்டார் போட்டு, குளிர்ந்த நீரில் நின்று வரப்பு வெட்டித் திருப்பும் விவசாயியின் நிலையும் இதுவே. பாசனத்துக்குப் பகலில் மின்சாரம் வேண்டும் என்பது ராஜஸ்தான் விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. கம்பளிக்காகச் சேர்த்த 3 ரூபாயைக் கடன்காரனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு வயலைக் காக்கப்போகும் ஹல்குவைப் பிரேம்சந்த் 'பூஸ் கீ ராத்' கதையில் படைத்தது 1930ல். அந்த இரவு இன்னும் முழுதாக விடிந்துவிடவில்லை.

இப்படி ஈரத்திலும் குளிரிலும் தொடர்ந்து உழைத்தால் விரல்கள் சிவந்து வீங்கி, சூடு பட்டதும் தாங்க முடியாமல் அரிக்கும். மருத்துவர்கள் சில்பிளேன் என்று அழைக்கும் இதற்கு உறைபனி தேவையில்லை. சமவெளிக் குளிரே போதும். பொதுவாக ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். வெடித்துப் புண்ணானால் வைத்தியம் அவசியம்.

மலையில் வேறு கணக்கு

காஷ்மீரில் இதற்கு வழிவழியாக வந்த பதில் காங்கடி. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதற்குள் கரி நெருப்பு. டிசம்பர் 21ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரான சில்லாய் கலானில் அங்கி போன்ற ஃபெரனுக்குள் அதை அணைத்தபடி நடமாடுவார்கள். வயிறு சூடானால் கையும் சூடாகும் என்பதை அறிந்த ஏற்பாடு அது. ஆனால் ஆண்டுக்கணக்கில் தோலில் படும் அனலால் புற்றுநோய் வருவதுண்டு. 1866ல் எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் இதை எழுதிவைத்தார்.

லடாக்கின் எல்லைச் சாலைகளில் கல் உடைப்பவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து போனவர்கள். உறைநிலைக்குக் கீழே வெறுங்கையால் இரும்புக் கடப்பாரையைத் தொட்டாலே ஆபத்து. அதிரும் துளைப்பான் பிடிப்பவர்களுக்கு விரல் வெளுத்து மரக்கும் கோளாறு நிரந்தரமாகிவிடலாம். விரல் வெளிறி, மெழுகுபோலக் கெட்டியாகி, வலியே தெரியாமல் போனால் அது உறைபனிக்காயம். அதைத் தேய்க்கக் கூடாது, நெருப்பிலும் காட்டக் கூடாது. உணர்ச்சியற்ற விரல் வெந்தாலும் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுபடி உறையும் வாய்ப்பிருந்தால் இளக்கவே கூடாது.

சமவெளியில் மரத்த கைக்கு நல்ல கணப்பு, சொந்த அக்குளே. தோளிலிருந்து கையைச் சுழற்றினால் ரத்தம் விரல்நுனிக்கு ஓடும். நாடி ஓடும் மணிக்கட்டை மூடுவதும், நெஞ்சில் காற்று புகாமல் ஸ்வெட்டருக்குள் ஒரு பழைய செய்தித்தாளைச் செருகுவதும், வேலைக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடுவதும் கைக்குச் செய்யும் உதவிகளே. பீடி ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. சாராயம் சூடுபோல் ஏமாற்றி உடம்பின் சூட்டை வெளியே விரட்டுகிறது.

குளிர் அலை, அரசின் பேரிடர் பட்டியலில் இருக்கிறது. உதவி என்று வருவது பெரும்பாலும் இரவில் கம்பளியும், தெருமுனையில் 'அலாவ்' எனப்படும் விறகு நெருப்பும். இரண்டும் தேவைதான். ஆனால் கம்பளி தூங்குபவனுக்கு, நெருப்பு உட்கார்ந்திருப்பவனுக்கு. வேலை செய்யும் கைக்கென்று எதுவும் இல்லை. வேலைக்கு ஏற்ற இரண்டு ஜோடிக் கையுறை, மணிக்கொரு முறை பத்து நிமிட இடைவேளை, கை கழுவ வெந்நீர். இவற்றைத் தர வேண்டியவர்கள் வேலை வாங்குபவர்கள். அதுவரை, காலை ஏழு மணிக்குப் பத்திரிகை வரவில்லையே என்று பால்கனியில் எரிச்சலோடு நிற்பவர்கள் ஒரு கோப்பை சூடான டீ கொடுக்கலாம். கோப்பையைப் பிடிக்கும் நேரத்துக்காவது கைக்கு ஓய்வு கிடைக்கும்.