செம்மணி மண்ணும் தாய்மாரின் கேள்வியும்

போர் ஓய்ந்த நாடுகளில் நீதி பற்றிப் பேசும்போது தீர்ப்பும் இழப்பீடும் பொதுமன்னிப்புமே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் முன்பாக, நடந்தது என்ன என்பதை யார் கேட்டறிகிறார்கள், யார் பதிவு செய்கிறார்கள், அந்தப் பதிவு கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்ற வினாக்கள் நிற்கின்றன. 2009 மே மாதம் போர் முடிந்த இலங்கையில் இவ்வினாக்கள் இன்றும் தீராதிருப்பதற்குத் தகவல் குறைவு காரணமன்று. மலையாகத் திரட்டப்பட்ட தகவல், அதைத் தந்தவர்களிடம் பதிலாகத் திரும்பி வரவில்லை என்பதே காரணம்.

2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் அமைக்கப்பட்டு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகளைப் பெற்ற பரணகம ஆணைக்குழு, 2016இன் கலந்தாலோசனைச் செயலணி, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த அமைப்புகளின் முன், காணாமல் ஆக்கப்பட்டோரின் அதே தாய்மார் அதே புகைப்படத்துடன் வந்து அதே துயரத்தை மீண்டும் மீண்டும் சொல்ல நேர்ந்தது. வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் சிறப்பு நீதிமன்றம் வேண்டும் என்று மக்களிடம் கேட்டறிந்து செயலணி 2017 ஜனவரியில் பரிந்துரைத்ததும் நடைமுறைக்கு வரவில்லை. அடுத்த மாதமே கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் சாலையோரத்தில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தன.

யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள செம்மணி, தகவலுக்கும் பதிலுக்கும் இடையிலான இந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டும் இடம். 1996இல் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தினர் ஒருவர், அப்பகுதியில் முந்நூறு முதல் நானூறு உடல்கள் வரை புதைக்கப்பட்டுள்ளதாக 1998இல் நீதிமன்றத்திலேயே கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 உடல்கள் கிடைத்தன, அத்துடன் பணி நின்றது. 2025 பிப்ரவரியில் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமானத்துக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட, நீதிமன்ற உத்தரவின்படி நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றோடு குழந்தையின் பால் புட்டி, நீல நிறப் பள்ளிப்பை, வளையல், செருப்பு ஆகியவையும் கிடைத்தன. ஆகஸ்டு 5 அன்று இப்பொருட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, அடையாளம் தெரிந்தவர்கள் முன்வருமாறு கேட்கப்பட்டனர். பல ஆண்டுகளாக வாக்குமூலம் கொடுப்பவர்களாக மட்டுமே நடத்தப்பட்டவர்கள், தம் பிள்ளை அன்று உடுத்தியிருந்த துணியை அறிந்தவர்கள் என்ற முறையில் புலனாய்வில் பங்குகொள்ள அழைக்கப்பட்டது மிக முக்கியமான மாற்றம்.

ஆய்வுக்கூட முடிவு மட்டும் ஒரு சமூகத்தின் ஐயத்தைத் தீர்த்துவிடாது என்பதற்கு மன்னார் சான்று. 2018இல் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன; அவற்றுள் சில மாதிரிகள் கரிமக் காலக்கணிப்புக்கு, அதாவது உயிர் நீங்கியபின் உடலில் ஒரே சீராகக் குறைந்துவரும் ஒருவகைக் கரிமத்தை அளந்து காலத்தைக் கணிக்கும் முறைக்கு, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று 2019இல் வந்த அறிக்கையைக் குடும்பங்கள் பல ஏற்கவில்லை. அவர்களுக்கு அறிவியல் புரியவில்லை என்று சொல்லி இதைக் கடந்துபோவது நியாயமன்று. எந்த எலும்புகள், எத்தனை, யார் முன்னிலையில் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பவையும் அறிவியலுக்கு உட்பட்ட கேள்விகளே.

அர்ஜென்டினாவில் குடும்பங்களுக்கும் அறிவியலுக்கும் இடையிலான உறவு வேறு வகையில் அமைந்தது. இராணுவ ஆட்சியில் பறிகொடுத்த பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமார், பெற்றோர் உயிரோடு இல்லாத நிலையில் தங்கள் இரத்தத்தைக் கொண்டே உறவை நிறுவ முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் கேட்டனர்; மேரி கிளேர் கிங் உள்ளிட்ட மரபியலாளர்கள் அதற்கான கணக்கீட்டு முறையை வகுத்தனர்; 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. அங்கே கேள்வியை எழுப்பியவர்களே விடைக்கும் உரியவர்கள் ஆனார்கள்.

செம்மணியின் எலும்புகளுக்குப் பெயர் கிடைக்க வேண்டுமானால், மரபணு ஒப்பீட்டுக்கு மிகவும் உறுதியான ஆதாரம் பெற்றோரின் இரத்த மாதிரியே. கிளிநொச்சிச் சாலையோரத்தில் அமர்ந்த பெற்றோருள் பலர் விடை அறியாமலே இறந்துவிட்டனர். எஞ்சியோரும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களின் மாதிரிகளை அவர்கள் நம்பும் கண்காணிப்பின் கீழ் இப்போதே பெற்றுப் பாதுகாப்பது, அடுத்த அகழ்வுக்கும் அடுத்த அறிக்கைக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை.