காய்ச்சல் விட்டால் கவலை விட்டதா?

1996-ஆம் ஆண்டு நவராத்திரி. தில்லி ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். கொலு வைத்த மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து திரும்பிய என் கணவர், "உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது" என்று படுத்தார். காய்ச்சல் 103 டிகிரி. கண்ணுக்குப் பின்னாலும் வலி. பருவம் மாறும்போது வரும் ஜுரம்தானே என்று, கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அது ஆஸ்பிரின் என்று பிறகுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் மிளகு ரசம் வைத்து, "ஜுரம் விட்டாச்சு, இனிமேல் கவலையில்லை" என்றார். நானும் நிம்மதியாகச் சுண்டல் வேலையைப் பார்க்கப் போனேன். மாலையில் அவருக்குக் கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி. ஈறில் ரத்தம் கசிந்தது. கை கால் சில்லிட்டுப் போயிற்று.

உறவு என்று கூப்பிட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள்தான் மகனை அனுப்பி ஆட்டோ பிடித்து, கூடவே ஆஸ்பத்திரிக்கும் வந்தார். அங்கே வராந்தாவிலெல்லாம் நோயாளிகள். "டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் அபாயமான நேரம்" என்றார் டாக்டர். மலை மந்திர் முருகனை வேண்டியபடி நான்கு இரவுகள் உட்கார்ந்திருந்தேன். அவர் பிழைத்தார். அந்த ஆண்டு தில்லியில் பத்தாயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

காய்ச்சல் இறங்கும்போது, சிலருக்கு மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிகிறது. அதனால் ரத்த அழுத்தம் விழுகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இது நேரும். விடாத வயிற்று வலி, தொடர்ந்த வாந்தி, ரத்தக் கசிவு, கறுத்த மலம், சிறுநீர் குறைவது, சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் ரத்தக் கசிவை அதிகமாக்கக் கூடியவை. கஞ்சி, மோர், இளநீர் அடிக்கடி கொடுங்கள். நிலவேம்புக் கஷாயத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்க வேண்டாம்.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல. குளிர் நடுக்கத்தோடு வந்து, வியர்த்து விட்டு, மறுபடி வந்தால் மலேரியாவாக இருக்கலாம். நாளுக்கு நாள் படிப்படியாக ஏறினால் டைஃபாய்டாக இருக்கலாம். அது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. ஆனால் நோய் எப்போதும் இப்படிப் பாடப் புத்தகம் போல வருவதில்லை. ரத்தப் பரிசோதனைதான் உறுதி சொல்லும். டெங்குவுக்கு முதல் ஐந்து நாட்களுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை இப்போது உண்டு. மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையை நாமாகக் கொடுப்பது எந்தக் காய்ச்சலுக்கும் சரியல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் வீடு திரும்பிய பிறகு ஜன்னல் கூலரைத் திறந்து பார்த்தேன். கோடையில் ஊற்றிய தண்ணீர் அடியில் தேங்கியிருந்தது. அதில் புழுக்கள் நெளிந்தன. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுத் தெளிந்த தண்ணீரே அதற்குப் போதும், கடிப்பதும் பகலில். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அதன் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே வாரம் ஒருமுறை கூலர், வாளி, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இன்றும் யாருக்காவது காய்ச்சல் விட்டால், அன்று இரவு நான் தூங்குவதில்லை. மணிக்கொரு தரம் கை காலைத் தொட்டுப் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் விழித்திருங்கள்.