இல்லத்தில் எதற்கு முதலிடம்?

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய இறுதித் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நம் வீடுகளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அலமாரிக்குள் ஆண்டுக்கணக்கில் உடுத்தாத ஆடைகள். சீர்வரிசையாக வந்து இன்றுவரை அடுப்பில் ஏறாமல் பரண் மீது கிடக்கும் பாத்திரங்கள். தவணை முடிவதற்கு முன்பே பழுதாகிப்போன சாதனங்கள். இடம் போதவில்லை என்று பெரிய வீடு தேடுகிறோம். அதற்காகக் கடன்படுகிறோம். கடனை அடைக்கக் குடும்பத் தலைவர் இரவு பகலாக உழைக்கிறார். அல்லது கடல் கடந்து செல்கிறார். யாருடைய வசதிக்காக இவை வாங்கப்பட்டனவோ, அந்தப் பிள்ளைகள் தம் தந்தையைத் தொலைபேசியில் மட்டுமே அறிந்து வளர்கிறார்கள். இந்த வரிசை எங்கே தவறியது என்பதைச் சிந்திக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

நேசிப்பது தவறன்று

திருக்குர்ஆனின் 9-ஆம் அத்தியாயம் 24-ஆம் வசனத்தில் அல்லாஹ் எட்டு விஷயங்களைக் குறிப்பிடுகிறான். தந்தையர், பிள்ளைகள், சகோதரர்கள், வாழ்க்கைத் துணை, சுற்றத்தார், ஈட்டிய செல்வம், நட்டம் வருமோ என்று அஞ்சும் வணிகம், மனம் விரும்பும் வீடுகள். இவற்றை நேசிப்பதை அவ்வசனம் தடுக்கவில்லை. அல்லாஹ்வையும் அவன் தூதரையும் அவன் பாதையில் பாடுபடுவதையும் விட இவை அதிகப் பிரியத்திற்குரியவையாக ஆகிவிடக் கூடாது என்றே எச்சரிக்கிறது. ஆக, மார்க்கம் நம்மிடம் கேட்பது பொருளைத் துறப்பதை அன்று. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பதையே.

மூன்று படித்தரங்கள்

இவ்வாறு இடமறிந்து வைப்பதற்கு நம் இமாம்கள் ஓர் அளவுகோலைத் தந்துள்ளார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 505) அவர்களும், அவர்களுக்குப் பின் இமாம் ஷாத்திபி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 790) அவர்களும் மனிதனின் நலன்களை மூன்றாகப் பிரித்து விளக்கினார்கள்.

முதலாவது, ளரூரிய்யாத். இவை இல்லையேல் வாழ்வே குலையும். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகிய ஐந்தையும் காப்பவை இதில் அடங்கும். இரண்டாவது, ஹாஜிய்யாத். இவை இல்லையேல் வாழ்வு குலையாது, ஆனால் சிரமமாகும். மூன்றாவது, தஹ்ஸீனிய்யாத். இவை வாழ்வுக்கு அழகும் நயமும் சேர்ப்பவை.

இதை வீட்டில் பொருத்திப் பாருங்கள். உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், பிள்ளைகளின் மார்க்கக் கல்வி ஆகியவை முதல் படித்தரம். வேலைக்குச் செல்ல ஒரு வாகனம், கோடையைத் தாங்க ஒரு மின்விசிறி என்பன இரண்டாவது. வரவேற்பறை அலங்காரமும் விழாக்காலப் பகட்டும் மூன்றாவது. மூன்றாவதும் அடிப்படையில் ஆகுமானதே. ஆனால், அழகு சேர்க்க வந்த ஒன்று அடிப்படையையே அழிக்குமானால் அதைக் கைவிட வேண்டும் என்பது இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்கள் விளக்கிய விதி. வரவேற்பறைச் சோபாவின் தவணைக்காக மகளின் படிப்பு நின்றால், அங்கே மூன்றாவது முதலாவதை விழுங்கிவிட்டது என்று பொருள்.

நான்காவது விரிப்பு

ஆணுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவதோ ஷைத்தானுக்குரியது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தேவைக்கு மேல் பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் சேர்ப்பதையே இது கண்டிக்கிறது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். எனவே பிள்ளைகள் பலர் உள்ள வீட்டில் விரிப்புகள் பல இருப்பது குற்றமாகாது. விருந்தினருக்கென ஒன்று ஒதுக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். எளிமை என்ற பெயரில் விருந்தோம்பலைச் சுருக்க இங்கு இடமில்லை.

கடனும் உபரியும்

அலங்காரத்திற்காகக் கடன்படுவோர் ஒரு நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும். மூன்று தீனார் கடனை விட்டுச்சென்ற, அதை அடைக்கப் பொருளேதும் விட்டுச்செல்லாத ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல், தோழர்களைத் தொழுமாறு பணித்தார்கள். அபூகத்தாதா (ரலி) அக்கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள் (புகாரி). மூன்று தீனாருக்கே இந்த நிலை என்றால், ஊரார் மெச்ச நடத்தும் ஒரு நாள் விருந்துக்காக, அதுவும் வட்டிக்கு, வாங்கும் கடனின் நிலை என்ன?

உபரிப் பொருளுக்கும் சட்டம் உண்டு. வணிகத்திற்கல்லாத வீட்டுப் பொருள்களுக்கு ஸகாத் இல்லை. ஆனால் ஹனஃபி மத்ஹபின்படி, குடியிருக்கும் வீடு, உடுத்தும் ஆடை, புழங்கும் பாத்திரம், வாகனம், தொழிற்கருவி ஆகிய அடிப்படைத் தேவைகளும் கடனும் போக, மீதமுள்ள பொருள்களின் மதிப்பு 200 திர்ஹம் வெள்ளியின் (ஏறத்தாழ 612 கிராம்) மதிப்பை எட்டினால், அவர் ஸகாத் பெறத் தகுதியற்றவராகிறார். ஸதக்கத்துல் ஃபித்ரும் குர்பானியும் அவர் மீது வாஜிபாகின்றன. பரண் மீதுள்ளவையும் இக்கணக்கில் சேரும்.

தங்க நகை 20 மிஸ்காலை (ஏறத்தாழ 11 பவுன்) எட்டினால், அணிந்திருந்தாலும் ஸகாத் உண்டு என்பது ஹனஃபி சட்டம். பெண்கள் வழக்கமாக அணியும் ஆகுமான நகைக்கு ஸகாத் இல்லை என்பது ஷாஃபியீ மத்ஹபின் வலுவான கருத்து. அங்கும் அளவு மீறினால் சலுகை இல்லை.

நேரமும் ஓர் உரிமை

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்றபோது, அவர் இடைவிடாத வணக்கத்தில் மூழ்கி மனைவியைக் கவனிக்காதிருப்பதைக் கண்டார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிமைகள் உண்டு, உரியவர்க்கு உரியதைக் கொடுங்கள் என்று எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள் (புகாரி). வணக்கமே குடும்பத்தின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், பொருள் தேடும் வேட்கை பறிக்கலாமா?

அதே சமயம், வறுமை நமது இலட்சியமன்று. தம் செல்வம் முழுவதையும் வஸிய்யத் செய்ய விரும்பிய ஸஃது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம், மூன்றில் ஒரு பங்கே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதை விடத் தன்னிறைவுடன் விட்டுச்செல்வதே சிறந்தது என்றும் நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். குடும்பத்தின் எதிர்காலத்துக்காகச் சேமிப்பது இதனால் சிறப்புப் பெறுகிறது.

இந்த வாரமே தொடங்குவோம்

1. குடும்பத்தின் கடன்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடனை எழுதிவைக்குமாறு திருக்குர்ஆன் (2:282) பணிக்கிறது. கடன் தீரும்வரை மூன்றாம் படித்தரப் பொருள் எதையும் வாங்காதீர்கள்.

2. ஓராண்டாகத் தொடாத பொருள்களைப் பிரித்தெடுங்கள். கிழிந்ததையும் உடைந்ததையும் ஏழைக்குக் கொடுத்துவிட்டுத் தர்மம் என்று எண்ணாதீர்கள். நாமே முகம் சுளித்து வாங்கும் மட்டமானதைப் பிறருக்குக் கொடுக்க அல்லாஹ் தடை விதித்துள்ளான் (2:267). மனைவியின் மஹரும் நகையும் அவருக்கே உரியவை. அவருடைய மனமொப்புதல் இன்றிக் கணவர் அவற்றில் கைவைக்கலாகாது (4:4).

3. பெரிய பொருள் வாங்குமுன் கணவனும் மனைவியும் மஷூரா செய்யுங்கள். பால்குடி மறக்கச் செய்வதில்கூடப் பெற்றோரின் கலந்தாலோசனையைத் திருக்குர்ஆன் (2:233) குறிப்பிடுகிறது. முடிவெடுத்த பின்னும் அடுத்த ஜுமுஆ வரை பொறுத்திருங்கள். பல ஆசைகள் அதற்குள் தாமே அடங்கிவிடும்.

4. ஒரு வேளையேனும் கைபேசிகளை அப்புறப்படுத்திவிட்டு ஒரே ஸஹனில் அமர்ந்து உண்ணுங்கள். சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி. தந்தை வெளிநாட்டில் இருந்தால், எந்தத் தொகை சேர்ந்ததும் ஊர் திரும்புவது என்பதை இருவரும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். எல்லை இல்லாத தேவைக்கு எத்தனை ஆண்டு உழைத்தாலும் போதாது.

அன்பிற்குரியவர்களே! செல்வத்தைப் பெருக்கும் போட்டி மண்ணறையைச் சந்திக்கும்வரை மனிதனைப் பராக்காக்கிவிடும் என்று எச்சரிக்கும் 102-ஆம் அத்தியாயம், அருட்கொடைகளைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்பதைக் கூறி நிறைவடைகிறது. வீட்டில் நாம் வைத்திருக்கும் ஒவ்வொரு பொருளும் அவ்விசாரணையின் ஒரு கேள்வியாகும். விடை சொல்ல இயன்ற அளவுக்கு வைத்துக்கொள்வோம்.

தேவையை அறியும் தெளிவையும், கிடைத்ததைக் கொண்டு நிறைவடையும் உள்ளத்தையும், கடனற்ற வாழ்வையும் வல்ல ரஹ்மான் நம் அனைவரின் குடும்பங்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.